எந்தக் குடி, என்ன தொழில்

"பெரியம்மா, என்னுடைய பற்றீரியா உயிரோடு இருக்கவே முடியாதாம்" என்று சொல்லிக்கொண்டேதான் என் பெறாமகள் அன்று மாலை வாசற்படி ஏறினாள். அப்படிச் சொன்னது கணினி. அவளுடைய கைப்பேசியில் இருந்த படம் வேறு கதை சொன்னது. குளுக்கோசும் அமோனியம் உப்பும் இன்னும் நாலைந்து கனியுப்புகளும் தவிர வேறெதுவும் போடாத ஏகார் தட்டில், சுண்ணாம்புத் தூளைச் சிந்தியது போல வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். வாழ முடியாத ஒன்று தட்டு நிறையக் குடியிருந்தது.

மடிக்கணினியைத் திறந்து அட்டவணையைக் காட்டினாள். புரதங்களைக் கட்டும் இருபது அமினோ அமிலங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. தட்டில் அவை எதுவும் போடாததால், இருபதையும் பற்றீரியா தானே செய்தாக வேண்டும். அந்த அமிலத்தைச் செய்து முடிக்கத் தேவையான நொதியங்கள் வரிசையில் படிப்படியாக அடுக்கப்பட்டிருந்தன. இந்தப் பற்றீரியாவின் பரம்பரையலகுத் தொகுதியில் அகப்பட்டதற்குப் பச்சை, அகப்படாததற்குச் சிவப்பு. பச்சை வயலுக்குள் இரண்டே இரண்டு சிவப்புப் புள்ளிகள். ஒன்று லைசின் வரிசையில், மற்றது திரிப்டோபன் வரிசையில். லைசினைப் பிறகு பார்ப்போம் என்று திரிப்டோபனில் உட்கார்ந்தோம். அது எத்தனை இரவு பிடிக்கும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்புப் பக்கத்துக் கல்லாற்றுக்காரி. உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பல்கலைக்கழகப் படிப்பு நின்று நின்று நடந்த காலத்தில் பட்டம் எடுத்தவள். அந்தக் காலத்தில் ஒரு புரதத்தின் அமினோ அமில ஒழுங்கைப் புத்தகத்தில் அச்சடித்துத்தான் பார்த்திருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு தோட்டம் செய்யலாம் என்று நினைத்தேன். முழங்கால் இடம் கொடுக்கவில்லை. இணையம் இடம் கொடுத்தது. பெறாமகள் இறுதியாண்டு ஆய்வைத் தொடங்கியபோது, அவளுக்கு உதவுகிறேன் என்ற பெயரில் நானே பிளாஸ்ட் தேடல் பழகிக்கொண்டேன்: ஒரு புரதத்தின் ஒழுங்கைக் கொடுத்து, அதை ஒத்தவற்றைத் தேடும் வழி அது.

மண்ணும் எங்களுடையதுதான். வெல்லாவெளிப் பக்கம் தங்கையின் கணவருக்கு வயல் இருக்கிறது. செப்டெம்பரில், பெரும்போகத்துக்கு உழுவதற்கு முன், நிலம் வெடித்துக் கிடந்த நேரத்தில் பிள்ளை போய் நாலு இடத்தில் மண் கிண்டி எடுத்து வந்தாள். திரும்பும்போது மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் படகுப் பாதையில் வந்தாளாம். வெளியூர் வாசகர்களுக்கு: பாதை என்றால் இங்கே தெரு மட்டும் இல்லை, வாவியைக் கடக்கும் மிதவைக்கும் அதுதான் பெயர். படுவான்கரையிலிருந்து எழுவான்கரைக்கு மோட்டார் சைக்கிளும் ஆடும் ஆளும் ஒன்றாக ஏறி வரும். பக்கத்தில் நின்ற ஓர் ஐயா, "மண் எதற்குப் பிள்ளை, கோயிலுக்கா?" என்று கேட்டாராம். "இல்லை ஐயா, இதற்குள் ஆள் பிடிக்க" என்றாளாம். அவர் அதற்குப் பிறகு கொஞ்சம் தள்ளி நின்றாராம்.

பிடித்த ஆள் ஸ்ட்ரெப்டோமைசீஸ் இனத்தது. தட்டில் பொடி படிந்தாற்போல வளரும். ஊசியால் சுரண்டினால் ஏகாரைக் கவ்விக்கொண்டு வர மறுக்கும். கோடை முடிந்து முதல் மழை விழும்போது எழும் மண்வாசம் இருக்கிறதே, அதில் பெரும்பங்கு இந்தக் கூட்டம் செய்யும் ஜியோஸ்மின் என்ற பொருளால் வருவது. குளத்துத் திலாப்பியாவில் சில சமயம் அடிக்கும் சேற்று மணத்துக்கும் அதே ஜியோஸ்மின்தான் காரணம். ஒன்றை ரசிக்கிறோம், மற்றதற்குத் தேசிக்காய் பிழிகிறோம். 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து கிடைத்ததும் இந்த இனத்தின் ஒரு வகையிலிருந்துதான்.

மரபுப்பொருளைப் பிரித்தெடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பி, எழுத்தெழுத்தாக வாசித்து வாங்கியிருந்தார்கள். வந்தது எண்பது இலட்சம் எழுத்துகளுக்கு மேல், ஒரே நீளமாக இல்லாமல் துண்டு துண்டாக. எந்தப் பரம்பரையலகு என்ன நொதியம் என்று பெயர் எழுதி ஒட்டும் வேலையை ஓர் இலவச மென்பொருள் ஒரே இரவில் செய்துவிட்டது. அந்தப் பெயர்களை வைத்துத்தான் பச்சையும் சிவப்பும்.

திரிப்டோபன் விலை கூடிய சரக்கு. ஈ.கோலை பற்றீரியாவைக் கொண்டு போட்ட ஒரு கணக்கின்படி, ஓர் அலனினைச் செய்ய கலத்தின் சக்திக் காசான உயர்சக்திப் பொசுபேற்றுப் பிணைப்புகள் ஏறக்குறைய 12 செலவாகும். ஒரு திரிப்டோபனுக்கோ 74 அளவில். இருபதிலும் இதுதான் உச்சம். மனிதருக்கு இதைச் செய்யும் வல்லமையே இல்லை. முட்டையிலும் மீனிலும் பருப்பிலும் வாங்கிக்கொள்கிறோம். பற்றீரியா கோரிஸ்மேற்று என்ற பொருளில் தொடங்கி ஐந்து தாக்கங்களில் செய்து முடிக்கிறது. அந்த ஐந்தில் மூன்றாவதைச் செய்யும் நொதியத்துக்கு ட்ரிப்-எஃப் என்று பெயர். எங்கள் சிவப்புப் புள்ளி அதுதான். முன்னே இரண்டு படியும் பின்னே இரண்டு படியும் பச்சை. ஐந்து படி உள்ள ஏணியில் நடுப்படியை மட்டும் யார் கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள்? வழி முழுவதையும் கைவிட்ட பற்றீரியாக்கள் உண்டு. யாருடைய உடம்பிலோ ஒட்டி வாழ்பவை அப்படிச் செய்யும். வெல்லாவெளி வயலில் யார் ஊட்டிவிடப் போகிறார்கள்?

ஒழுங்குகளை ஒப்பிடுவது என்றால் என்ன என்று தங்கை ஒரு நாள் கேட்டாள். எங்கள் வீட்டிலிருந்து மருதமுனை தூரமில்லை. அங்கே நெய்த இரண்டு சாரங்களை எடுத்துக் கரைக்குக் கரை வைத்துக் காட்டினேன். சிவப்பு, வெள்ளை, கறுப்பு, மீண்டும் சிவப்பு என்று கோடுகள் ஓடும். ஒன்றை மெல்ல நகர்த்தி நகர்த்தி, எங்கே அதிகம் கோடுகள் நேருக்கு நேர் வருகின்றன என்று பார்க்க வேண்டும். ஒன்றில் ஓர் இழை குறைந்திருந்தால் அந்த இடத்தில் ஒரு மடிப்பு விட்டு மேலே தொடரலாம். மடிப்புக்குத் தண்டனைப் புள்ளி உண்டு. கடுஞ்சிவப்புக்கு எதிரே இளஞ்சிவப்பு வந்தால் முழுப் பொருத்தம் இல்லாவிட்டாலும் கொஞ்சம் புள்ளி கொடுக்கலாம். அவ்வளவுதான்.

புள்ளி கொடுக்கும் அட்டவணைகளில் பெயர்போனது 1992இல் ஹெனிகொஃப் தம்பதியர் வெளியிட்ட புளோசம் 62. அதில் லூசினுக்கு லூசின் வந்தால் 4. ஐசோலூசினுக்கு எதிரே அதன் சாயல் உள்ள வலின் வந்தால் 3. திரிப்டோபனுக்கு எதிரே திரிப்டோபனே வந்தால் 11. அரிதானது, இலகுவில் மாறாதது, ஆகவே பொருந்தினால் பெறுமதி. புரதங்களை இப்படி எழுத்துச் சரமாக எழுதும் வழக்கத்துக்கு வித்திட்டவர் மார்கிரட் டேஹொஃப் என்ற பெண்மணி. 1965இல் அவர் தொகுத்த ஏட்டில் இருந்தவை 65 புரதங்கள்தாம். ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் ஒற்றை எழுத்து வைத்தவரும் அவரே. இரட்டை வளையம் கொண்ட திரிப்டோபனுக்கு அகலமான டபிள்யூ. என் மாணவர்களுக்கு இதைச் சொன்ன நாளிலிருந்து ஒருவரும் அதை மறந்ததில்லை. மற்றப் பத்தொன்பதையும் மறந்தார்கள்.

இனி என் முதல் பிழை.

இரண்டாம் நாள் இரவு, பிள்ளை போன பிறகு, நான் ஈ.கோலையின் ட்ரிப்-எஃப்பை எடுத்து எங்கள் பற்றீரியாவுக்குள் தேடினேன். பட்டென்று ஒரு பொருத்தம். ஒற்றுமை நாற்பது சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. இப்படிப் பொருத்தம் தற்செயலாக வரக்கூடிய எதிர்பார்ப்பு எண்ணோ, தசமப் புள்ளிக்குப் பின் பூச்சியங்களை எண்ணிக் களைக்குமளவு சிறியது. இரவு பத்தரைக்குத் தொலைபேசி எடுத்து, "மகள், சிவப்பைப் பச்சையாக்கு" என்றேன். ஓய்வு பெற்றவளின் வெற்றிக் களிப்பு அது. தங்கை மறுமுனையில், நித்திரையைக் கெடுக்கிறாள் என்று முணுமுணுத்ததும் கேட்டது.

விடிந்து கோப்பியோடு மீண்டும் பார்த்தேன். வயிற்றைப் பிசைந்தது. ஈ.கோலையில் ட்ரிப்-எஃப் தனி நொதியம் அல்ல. ட்ரிப்-சி என்ற அடுத்த படியின் நொதியமும் அதுவும் ஒரே சங்கிலியாக ஒட்டிப் பிறந்தவை. 450க்குச் சற்று மேற்பட்ட அமினோ அமில நீளம். முதற்பாதி ஒரு வேலை, பிற்பாதி மற்ற வேலை. எனக்குக் கிடைத்த பொருத்தம் முதற்பாதியோடு நின்றிருந்தது. பிற்பாதிக்கு எதிரே வெறுமை. நான் கண்டுபிடித்தது ஏற்கெனவே பச்சையாக இருந்த ட்ரிப்-சியைத்தான். இரட்டை வீட்டின் ஒரு பக்கக் கதவைத் தட்டி ஆள் இருக்கிறது என்றதும், மற்றப் பக்கத்துக்கும் வாடகை எழுதியிருக்கிறேன்.

பிற்பாதியை மட்டும் வெட்டியெடுத்துத் தேடினேன். நம்பத்தக்க ஒன்றும் வரவில்லை. பிள்ளையிடம் சொன்னேன். "நான் பச்சையாக்கவில்லை பெரியம்மா, எத்தனை அமினோ அமில நீளத்துக்குப் பொருந்தியது என்று நீங்கள் சொல்லவில்லையே என்று காத்திருந்தேன்" என்றாள். படிப்பித்தவளுக்குப் பெருமை வர வேண்டிய இடம். எனக்கு வந்தது எரிச்சல்.

எரிச்சலில்தான் அடுத்த சந்தேகம் எழுந்தது. ஒருவேளை கணினி சொல்வதே சரியாகவும் தட்டு பொய்யாகவும் இருந்தால்? சத்து நிறைந்த ஊடகத்தில் வளர்த்து, அப்படியே எடுத்து வெறும் ஊடகத்தில் வைத்தால், கூடவே கொஞ்சம் திரிப்டோபனும் ஒட்டிக்கொண்டு வரும். ஏகாரும் முற்றிலும் சுத்தம் என்று சொல்ல முடியாது. கட்டுச்சோறு கொண்டுவந்தவன் இரண்டு நாள் சமாளிப்பான். அதை வைத்து அவனுக்குச் சமைக்கத் தெரியும் என்று சொல்லிவிட முடியுமா? வித்திகளை உவர்நீரில் மூன்று முறை கழுவச் சொன்னேன். ஒரு தட்டிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று தொடர்ந்து மாற்றச் சொன்னேன். பிள்ளை முகத்தைத் தூக்கினாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஐந்தாறு நாள் காத்திருக்க வேண்டும், சமர்ப்பிக்கும் தேதியோ நெருங்குகிறது. ஆனாலும் செய்தாள். இந்த இனத்துக்கு 28 பாகை, 30 பாகை வெப்பம் போதும். மட்டக்களப்பில் அதற்கு அடைகாப்பான் எதற்கு? மின்சாரம் போனாலும் மேசைமேல் வைத்தால் வளரும்.

மூன்றாம் தட்டிலும் சுண்ணாம்புத் தூள். கட்டுச்சோறு தீர்ந்து வெகுகாலம். இவன் சமைக்கிறான்.

தட்டை நம்பினால் தொகுதியைச் சந்தேகிக்க வேண்டும். துண்டு துண்டாக வந்த எழுத்துகள் ஆயிற்றே. ட்ரிப்-எஃப் இரண்டு துண்டுகளுக்கு நடுவே விழுந்து தொலைந்திருக்கலாம். இதைத் தீர்க்க இன்னொரு முறை வெளிநாட்டுக்கு அனுப்பப் பணமில்லை. ஆனால் இந்தப் பற்றீரியாவுக்குப் பெயர்போன உறவுக்காரி ஒருத்தி இருக்கிறாள்: ஸ்ட்ரெப்டோமைசீஸ் சீலிக்கலர். அவளுடைய நிறமூர்த்தத்தை 2002இலேயே முழுமையாக வாசித்து வெளியிட்டிருந்தார்கள். 86 இலட்சத்துக்கு மேல் எழுத்துகள், 7,825 பரம்பரையலகுகள், விடுபட்ட துண்டு இல்லை. அங்கே தேடினேன். ட்ரிப்-சி இருந்தது, இரண்டாம் படியின் ட்ரிப்-டி இருந்தது. ட்ரிப்-எஃப் அங்கும் இல்லை.

இதில்தான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தொலைந்தது என்றால் ஒரு வீட்டில் தொலையலாம். குடும்பம் முழுவதற்கும் இல்லை என்றால் அது தொலைந்த பொருள் அல்ல, அந்தக் குடும்பத்தின் வழக்கம்.

குடும்பம் என்றதும் அம்மாவின் கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் புதிதாக ஒருவர் வீட்டுக்கு வந்தால், தண்ணீர்ச் செம்போடு ஒரு கேள்வியும் வரும்: என்ன குடி? குடி தாய்வழி. என் தங்கையின் மகளும் நானும் ஒரே குடி. என் தம்பியின் மகள் என் இடுப்பில் வளர்ந்தவள், ஆனால் அவள் தன் தாயின் குடி. கோயில் திருவிழாவில் எந்த நாள் யாருடையது என்பதும் இதை வைத்துத்தான். எங்கள் கரை முஸ்லிம்களிடமும் இந்தக் குடிமுறை உண்டு. என் அம்மா, வயது எண்பத்து நான்கு, வெற்றிலை வட்டாவுக்கு முன்னால் இருந்துகொண்டு ஒருவரின் நெற்றியையும் நடையையும் பார்த்தே குடியைச் சொல்லிவிடுவார். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இருக்கும். வில்லங்கம் அதற்கு அடுத்த படியில் வரும். "அவன் பரியாரி வீட்டுப் பொடியன், நாடி பார்க்கத் தெரியும்" என்று ஒருவனைப் பிடித்து இருத்தினார். அவன் மோட்டார் சைக்கிள் திருத்துபவன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தான். குடி சரி. தொழில் பிழை.

புரதங்களுக்குப் பெயர் ஒட்டும் மென்பொருள் செய்வதும் அம்மா செய்வதைத்தான். ஒழுங்கு ஒத்துப்போனால் இரண்டும் ஒரு மூதாதையிடமிருந்து வந்தவை என்று சொல்லலாம். அதில் பெரும்பாலும் தவறு வராது. ஒரே வேலையைச் செய்கின்றன என்பது அடுத்த பாய்ச்சல். அந்தப் பாய்ச்சலுக்கு ஆதாரம் கேட்டால், பக்கத்துப் பற்றீரியாவின் புரதத்துக்கும் இதே பெயர்தான் என்று பதில் வரும். அதற்கு யார் வைத்தது? அதற்குப் பக்கத்தில் உள்ளதைப் பார்த்து. இப்படியே போனால் எங்கோ ஓரிடத்தில்தான் உண்மையில் யாரோ ஆய்வுகூடத்தில் நின்று, பரம்பரையலகை அழித்துப் பார்த்தோ நொதியத்தைப் பிரித்தெடுத்துப் பார்த்தோ சொல்லியிருப்பார்கள். சில வேளை அந்த ஓரிடமும் இருக்காது. ஊர்க்கதை மாதிரித்தான், சொன்னவர் யார் என்று தேடிப்போனால் எல்லோரும் கேட்டவர்களாகவே இருப்பார்கள்.

மனிதர் வாசித்துச் சரிபார்த்த ஸ்விஸ்-புரோட் என்ற களஞ்சியம் 1986இலிருந்து இருக்கிறது. அதில் ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகள். கணினி மட்டும் பெயர் ஒட்டிய பதிவுகளோ பல கோடி. என் ஆத்திரம் மென்பொருள் மீது அல்ல. அது ஒட்டிய பெயரை ஒரு தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொண்டு நிறம் தீட்டிய எங்கள் மீதுதான்.

ஆக, ஒரு குடும்பம் முழுவதும் நடுப்படி இல்லாமல் ஏணியில் ஏறுகிறது. எங்களுக்கு முன்னால் யாராவது இதைக் கேட்காமலா இருந்திருப்பார்கள்? கேட்டிருந்தார்கள். 2003இல் பரோனா-கோமெஸ், ஹொட்ஜ்சன் என்ற இருவர். சீலிக்கலரில் ஹிஸ்-ஏ என்று பெயர் ஒட்டியிருந்த ஒரு பரம்பரையலகை அவர்கள் நீக்கினார்கள். ஹிஸ்-ஏ என்பது ஹிஸ்டிடின் செய்யும் வழியில் நாலாவது படி. நீக்கினால் ஹிஸ்டிடின் இல்லாமல் வாடும் என்பது கணக்கு. வாடியது. கூடவே திரிப்டோபனும் கேட்டது. இரண்டையும் கொடுத்தால்தான் வளர்ந்தது. ஈ.கோலையின் ட்ரிப்-எஃப்பை உள்ளே வைத்தபோது திரிப்டோபன் பசி மட்டும் தீர்ந்தது. ஹிஸ்-ஏயை வைத்தபோது ஹிஸ்டிடின் பசி மட்டும். மறுபக்கமாகவும் பார்த்திருந்தார்கள். சீலிக்கலரின் அந்த ஒற்றைப் பரம்பரையலகு, ஈ.கோலையில் ஹிஸ்-ஏ பழுதானதையும் காப்பாற்றியது, ட்ரிப்-எஃப் பழுதானதையும் காப்பாற்றியது. காசநோய்ப் பற்றீரியாவில் இருக்கும் அதன் உறவும் அப்படியே. அந்த நொதியத்துக்கு இப்போது பிரி-ஏ என்று பெயர்.

எங்கள் அட்டவணையில் ஹிஸ்டிடின் வரிசைக்குப் போனேன். நாலாவது படி. பச்சை. ஹிஸ்-ஏ. இத்தனை இரவும் கண்முன்னே, வேறு வரிசையில், நல்ல பிள்ளையாக நிறம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதன் ஒழுங்கை எடுத்து, ஆய்வுகூடத்தில் நிரூபித்த புரதங்களோடு மட்டும் ஒப்பிட்டேன். முதலில் வந்தது சீலிக்கலரின் பிரி-ஏ. தொடக்கத்திலிருந்து முடிவு வரை, மடிப்பே விழாமல், மிகக் கிட்டிய பொருத்தம். ஈ.கோலையின் ஹிஸ்-ஏ வெகுதூரம் கீழே.

அம்மாவுக்கு விளக்கினேன். "ஒருவனே இரண்டு வீட்டுக்கும் வேலை செய்கிறான்" என்றேன். "சம்பளம் இரண்டா?" என்று கேட்டார்.

இரண்டு வேலையும் ஒன்றுக்கொன்று அந்நியமும் இல்லை. வேதியியல் பிடிக்காதவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டலாம், நான் தாண்ட மாட்டேன். ஹிஸ்-ஏயும் ட்ரிப்-எஃப்பும் கையில் எடுக்கும் பொருள்கள் வேறு வேறு. செய்யும் சூழ்ச்சி ஒன்று. இரண்டிலும் ஒரு சர்க்கரைத் துண்டு நைதரசனோடு ஒட்டியிருக்கும். அந்தச் சர்க்கரையின் மூடிய வளையத்தைத் திறந்து, உள்ளமைப்பை ஒருபடி நகர்த்தி விடுவதுதான் வேலை. அமடோரி மாற்றம் என்பார்கள். இரண்டு நொதியங்களின் உருவமும் ஒன்று: எட்டுப் பலகையும் எட்டுச் சுருளும் சேர்ந்த பீப்பாய். ஆனால் எழுத்துச் சரத்தை மட்டும் ஒப்பிட்டால் உறவு தெரியாத அளவுக்கு விலகிப் போய்விட்டன. அதனால்தான் ட்ரிப்-எஃப்பை வைத்துத் தேடிய எனக்கு அது அகப்படவில்லை. 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், கொதிநீர் ஊற்றுப் பக்கம் வாழும் தெர்மோடோகா பற்றீரியாவின் ஹிஸ்-ஏயில் ஒரேயோர் அமினோ அமிலத்தை மாற்றினார்கள். 127ஆவது இடத்தில் இருந்த அஸ்பார்டிக் அமிலத்தை எடுத்து வலினை வைத்தார்கள். அதற்கு ட்ரிப்-எஃப் வேலையும் கொஞ்சம் வந்துவிட்டது. 2011இல் காசநோய்ப் பற்றீரியாவின் பிரி-ஏயைப் படிகமாக்கிப் பார்த்தவர்கள், உள்ளே வரும் பொருளுக்கேற்ப அதன் செயல்மையம் தன்னை மாற்றி அமைத்துக்கொள்வதைக் காட்டினார்கள். வருகிறவர் யார் என்று பார்த்து, பாயா கதிரையா என்று தீர்மானிக்கும் வீடு.

பிள்ளை துள்ளினாள். உடனே ஆய்வுக் கட்டுரையில் "எமது பற்றீரியாவில் ட்ரிப்-எஃப் வேலையைப் பிரி-ஏ செய்கிறது" என்று தட்டச்சு செய்துவிட்டாள். அந்த "செய்கிறது" மீது நாங்கள் சண்டை பிடித்தோம். நான் கொரினேபற்றீரியத்தைக் காட்டினேன். சுவையூட்டிக் குளுட்டமேற்றை ஆலைகளில் செய்வதற்கு வளர்க்கிறார்களே, அந்த இனம். அதுவும் இதே பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. அதன் மூதாதை எங்கிருந்தோ திரிப்டோபன் பரம்பரையலகுகளை மொத்தமாகப் பெற்றுக்கொண்டது, ட்ரிப்-எஃப் உட்பட. அதன் பிறகு அங்கே இருந்த பிரி-ஏயின் வாரிசு தன் இரண்டாம் வேலையை விட்டுவிட்டது, ஹிஸ்டிடினோடு நின்றுகொண்டது. குடி மாறவில்லை, தொழில் பாதியாகிவிட்டது. ஆகவே பிரி-ஏயைப் போல் இருக்கிறது என்பதும் போதாது.

"அப்படியென்றால் எதை நம்புவது?" என்று கேட்டாள். கோபத்தில் கேட்டாலும் சரியான கேள்வி. நாங்கள் கணக்குப் பார்த்தோம். தனி ட்ரிப்-எஃப் எங்கும் இல்லை. முழுமையாக வாசித்த உறவுக்காரியிடமும் இல்லை. திரிப்டோபன் இல்லாத தட்டில் மூன்று தலைமுறை வளர்ந்திருக்கிறது. நிரூபிக்கப்பட்ட பிரி-ஏயோடு முழு நீளத்துக்கும் பொருந்தும் ஒன்று இருக்கிறது. இந்த நாலும் சேர்ந்து வலுவான சந்தேகம். பரம்பரையலகை நீக்கிப் பார்க்கும்வரை அதற்கு மேல் அல்ல. நீக்கிப் பார்க்க இறுதியாண்டு மாணவிக்கு நேரமும் இல்லை, காசும் இல்லை. கடைசியில் "செய்யக்கூடும்" என்று எழுதினாள். அந்த ஒரு சொல்லுக்காக அன்று என்னோடு தேநீர் குடிக்காமல் போனாள்.

அடுத்த கிழமை வந்தபோது முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு. கேப்மைண்ட் என்று ஒன்று இருக்கிறதாம், பெர்க்லி ஆய்வுகூடத்தில் பிரைஸ், டொய்ச்பவர், ஆர்கின் மூவரும் 2020இல் வெளியிட்டது. பற்றீரியாவின் புரதங்கள் அனைத்தையும் கொடுத்தால், அமினோ அமிலம் செய்யும் வழிகளை ஒவ்வொரு படியாகப் பார்த்துத் தரும். ஒட்டிய பெயர்களை அது பொருட்படுத்துவதில்லை. ஆய்வில் நிரூபிக்கப்பட்ட புரதங்களோடு ஒப்பிடுகிறது. நம்பிக்கைக்குரியது என்று சொல்ல, குறைந்தது 40 சதவீத ஒற்றுமையும், அந்த நிரூபிக்கப்பட்ட புரதத்தின் நீளத்தில் 80 சதவீதமாவது பொருந்தியிருப்பதும் வேண்டும். வேறு வேலை செய்யும் ஒன்றோடு இதைவிட நன்றாகப் பொருந்துகிறதா என்றும் பார்க்கும். அரை வீட்டைப் பார்த்து முழு வாடகை எழுதுகிற என்னைப் போன்றவர்களுக்காகவே அந்த 80ஐ வைத்திருப்பார்கள் போலும். எங்கள் தொகுதியைக் கொடுத்தாளாம். தேநீர் ஆறுவதற்குள் விடை. ட்ரிப்-எஃப் படிக்கு அதுவும் அதே புரதத்தைத்தான் சுட்டியது.

"முதலிலேயே இதைப் போட்டிருந்தால் உங்கள் நித்திரையும் அம்மாவின் நித்திரையும் மிஞ்சியிருக்கும்" என்றாள். மிஞ்சியிருக்கும்தான். நான் ஒன்றும் பேசவில்லை. அந்த இரவுகளைத் திருப்பித் தந்தாலும் வாங்கமாட்டேன் என்பதை அவளிடம் சொல்வானேன்.

"லைசின் சிவப்பையும் இதிலேயே பார்க்கவா?" என்று கேட்டபடி கணினியை என் பக்கம் திருப்பினாள். பொறு என்றேன். அங்கே சிவப்பாக இருந்தது ஓர் அமினோ கூட்டத்தைக் கைமாற்றும் நொதியம். இதே மாதிரி ஒரு கைமாற்றும் வேலை ஆர்ஜினின் வழியிலும் வரும். ஈ.கோலையில் ஆர்ஜினின் வழியின் ஆர்க்-டி நொதியம் லைசின் வழியின் அந்த வேலையையும் பார்க்கும் என்று எங்கோ வாசித்த ஞாபகம் மெல்ல எட்டிப் பார்த்தது.

"அதை மூடு மகள். முதலில் ஆர்ஜினின் வரிசையைத் திற."